ஒரு சொட்டுக்கு ஆயிரத்தெட்டு நாமம்

என் பெண்டாட்டி அனந்தலக்ஷ்மியிடம் நான் அதுவரை பொய் சொன்னதே கிடையாது. அரிச்சந்திரன் வம்சம் என்று நினைத்துவிட வேண்டாம். சொல்ல வழி இல்லை, அவ்வளவுதான். நான் வாயைத் திறக்குமுன் அவள் என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். வாய்வரை வந்த பொய் அப்படியே திரும்பி வயிற்றுக்குள் போய்விடும். கரமனையில் எங்கள் தெருவுக்குப் போலீஸ்காரன் வந்து நான் பார்த்ததில்லை. அவள் இருக்கையில் அவன் எதற்கு?

அப்பேர்ப்பட்ட கண்ணுக்குத்தான் கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினொன்றில் கேடு வந்தது. விளக்கைச் சுற்றி வானவில் தெரிகிறது என்றாள். சிரித்தேன். காப்பியை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றினாள். அப்போதும் சிரித்தேன். ஒரு நாள் அவளுக்கு இடது பக்கமாக வந்து நின்றேன். நான் நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் கண்ணில் படாமல் நின்றது அதுதான் முதல் தடவை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முடியவில்லை. பழவங்காடி பிள்ளையார் கோயில் வாசலில் எனக்குத் தேங்காய், கற்பூரக் கடை. கடையைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, குதிரை வண்டி பிடித்து அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனேன்.

எங்கள் பெண்டுகள் அந்நிய புருஷர்களோடு நேரே பேசமாட்டார்கள். டாக்டர் என்னைக் கேட்பார். நான் பின்னால் திரும்பி அவளைக் கேட்பேன். அவள் என் முதுகிடம் பதில் சொல்வாள். அதை நான் டாக்டரிடம் சொல்வேன். மூன்று பேரும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நிற்கிறோம். டாக்டர் காதிலும் விழுகிறது, அவள் காதிலும் விழுகிறது. ஆனாலும் நடுவில் நான் ஒரு அஞ்சலாப்பீஸ். கடைசியில் டாக்டர், அவளை நர்ஸிடம் போகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உட்கார வைத்தார்.

கண்ணுக்குள் ஊறுகிற ஜலத்துக்கு வடிகால் அடைத்துவிட்டதாம். ஜலம் கட்டி, கண் விண்ணென்று இறுகி, பார்வை நரம்பை நசுக்குகிறதாம். கிளாக்கோமா என்று பெயர். போன பார்வை போனதுதான், இருக்கிற பார்வையை ஒரு சொட்டு மருந்து காப்பாற்றும் என்றார். பிறகு ஜாக்கிரதை சொல்ல ஆரம்பித்தார் பாருங்கள், புதுப் பெண்ணைப் புக்ககம் அனுப்புகிற தாயார் கூட அவ்வளவு சொல்லமாட்டாள். கை கழுவிவிட்டுத்தான் பாட்டிலைத் தொட வேண்டும். கண்ணாடிக் குழாயின் நுனி இமையில் படக் கூடாது. காலையில் ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு, ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. அதிகம் ஆனால் வேர்த்துக் கொட்டும், வாயில் ஜலம் ஊறும், வயிறு புரளும். விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்துக் கண் முனையை விரலால் அமுக்கிக்கொண்டு நூறு எண்ண வேண்டும். இல்லாவிட்டால் மருந்து தொண்டைக்கு இறங்கிவிடும். முதலில் புருவம் வலிக்கும், பயப்படக் கூடாது. கண்மணி கடுகாகச் சுருங்கும். தூரத்தில் இருப்பது மங்கும், அந்தியில் எல்லாமே மங்கும். அந்த நேரத்தில் கிணற்றடிக்கோ படிக்கட்டுக்கோ போகக் கூடாது. மருந்து விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது, வேறொருத்தர் கண்ணில் விடக் கூடாது.

நான் படித்தது திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு சரி. ஆனால் காதில் விழுந்தது தப்பாது. ஒன்று விடாமல் மனசில் வாங்கிக்கொண்டு, கம்பவுண்டரிடம் போய் மருந்து வாங்கி வந்தேன். பெண்கள் பெஞ்சியில் எலிசாள் என்கிற நர்ஸ் அனந்தலக்ஷ்மியின் மூக்கோரம் விரலை வைத்துக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண், நல்ல தமிழ். தூசி எடுக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

வண்டியில் வரும்போதுதான் அந்த நூறு என் மூளையில் விளக்கேற்றியது.

இங்கே என் குணுக்குக் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் இருபத்தெட்டு என்று ஒரு சீட்டாட்டம். நாலு பேர், இரண்டு கட்சி. காசு கிடையாது. தோற்றவன் காதில் குணுக்குப் போட வேண்டும், அதுதான் பந்தயம். குணுக்கு என்றால் வேறொன்றுமில்லை, தென்னையடியில் உதிர்ந்து கிடக்கிற பிஞ்சுக் குரும்பை. அதைக் கயிற்றில் கட்டிக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு ஆட வேண்டும். ஜெயித்தால் கழற்றலாம். ஜெயிக்காமல் வீட்டுக்குப் போனால், மறுநாள் வந்து முதலில் குணுக்கு, அப்புறம்தான் சீட்டு.

எங்கள் வீட்டில் சீட்டுக்குத் தடை. ஆனால் முந்தின மாசம் அனந்தலக்ஷ்மி தங்கை வீட்டுக்குச் சுசீந்திரம் போயிருந்தாள். நான் இரண்டு வீடு தள்ளி இருக்கிற நாகேஸ்வரன் வீட்டு மாட்டுத் தொழுவத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். நாகேஸ்வரன் பென்ஷன் வாங்குகிற குமாஸ்தா. அவன் என் கட்சி. எதிர்க்கட்சி, சாலைக் கடைத்தெருவில் கருப்பட்டி வியாபாரம் பண்ணுகிற தாணுலிங்கமும், படகுக்கார வேலாயுதனும். நானும் நாகேஸ்வரனும் தோற்றோம், தோற்றோம், தோற்றுக்கொண்டே இருந்தோம். அவள் ஊரிலிருந்து வந்தாள். ஆட்டம் நின்றது. குணுக்கு நின்றபடி நின்றது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தாணுலிங்கம் கடையைக் கட்டிவிட்டு ஒரேயடியாகச் சொந்த ஊரான கோட்டாற்றுக்குப் போகப்போகிறான். போகுமுன் என் தேங்காய்க் கடைக்கு வந்து, ஜனங்கள் நிற்கையில், ஒரு காயைத் தட்டிக்கொண்டே, "வேய் வெங்கு, கோட்டாத்துக்குப் போய் உம்ம குணுக்கு சங்கதியைத்தான் மொத மொத சொல்லப் போறேன். தேங்காய்க் கடைக்காரருக்குத் தொங்கவிடக் குரும்பைக்குப் பஞ்சமா?" என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் போவதற்குள் அந்தக் குணுக்கைக் கழற்றாவிட்டால் நான் மனுஷனில்லை.

ஆக, எனக்குத் தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம் வேண்டும். அனந்தலக்ஷ்மி கண்ணை மூடிக்கொண்டிருக்கிற ஒரு மணி நேரம். நூறு எண்ணுவதற்குள் தெருமுனைக்குக் கூடப் போக முடியாது. நூறு யார் சொன்னது? டாக்டர். யாரிடம் சொன்னார்? என்னிடம். அஞ்சலாப்பீஸ் யார்?

அன்று சாயங்காலம் கையை நன்றாகக் கழுவி, கீழ் இமையை இழுத்து, நுனி படாமல் ஒரு சொட்டு விட்டேன். அதில் நான் ஒரு துளி வஞ்சனை பண்ணவில்லை. விரலை மூக்கோரம் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"ஏன்னா, எத்தனை எண்ணணும்?"

"ஆயிரத்தெட்டு."



"ஆயிரத்தெட்டா?"

"ராம நாமம். மனசுக்குள்ள. ஒரு நாமத்துக்கு ஒரு மூச்சு. உதடு அசைஞ்சா மருந்து தொண்டைக்கு இறங்கிடுமாம்."

"டாக்டர் கிறிஸ்தியானியாச்சே. அவரா ராம நாமம் சொன்னார்?"

"அவர் எண்ணத்தான் சொன்னார். நாமம் நான் சேத்தது. புண்ணியத்துக்கு."

"நல்ல காரியம்," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் செருப்புக் கூடப் போடவில்லை. ஓடினேன். தொழுவத்தில் குணுக்கு எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. மாட்டிக்கொண்டேன். சின்ன வயசில் கடுக்கன் போட்ட ஓட்டை இதற்காவது உதவியது. அன்று தோற்றோம். குணுக்கைக் கழற்றிக் கொல்லையில் எறிந்துவிட்டுத் திரும்பி வந்தபோது அனந்தலக்ஷ்மி அப்படியே படுத்திருந்தாள். தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ஆகியிருக்கிறது என்று விரலால் சைகை காட்டினாள். எனக்கு வந்த குதூகலத்தைச் சொல்ல முடியாது. ஒரு பொய், முழுப் பொய், முளைத்து நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் சொட்டு விட்டேன். காலையில் எனக்குக் கடைக்குப் போகிற அவசரம், அவள் காப்பி போட வேண்டும். நூறு எண்ணினால் போதும் என்றேன்.

"காலம்பர நூறு, சாயங்காலம் ஆயிரத்தெட்டா?"

"சூரியன் ஏறறச்சே மருந்தும் விறுவிறுன்னு ஏறும். இறங்கறச்சே மெதுவாத்தான் இறங்கும்."

"ஓ," என்றாள். அந்த ஓவை நான் கவனித்திருக்க வேண்டும்.

அன்றிலிருந்து இரண்டு நாள் புருவத்தில் வலி என்று அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் சொன்னதுதான், இருந்தாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சீட்டுப் பக்கம் போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன். மூன்றாம் நாள் வலி அடங்கியது. என் காலும் தொழுவத்துக்குக் கிளம்பியது.

அப்போது அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். ஆயிரத்தெட்டு முடித்து எழுந்து அடுப்பு மூட்டினால் புகை கண்ணில் படுமே, படலாமா என்று டாக்டர் ஏதாவது சொன்னாரா? சொல்லவில்லை. ஆனால் நாமத்தை அவசரப்பட்டுச் சொல்லி முடித்து அடுப்புக்கு எழுந்துவிட்டால் என் கதி என்ன? புகை ஆகவே ஆகாது என்று சொன்னேன்.

"அப்போ ராத்திரி சமையல்?"

"நான் பாத்துக்கறேன்."

மறுநாள் குனிந்து தேங்காய் துருவலாமா என்று கேட்டாள். குனிந்தால் கண் இறுகாதோ? ஆமாம், குனியக் கூடாது. ஜலம் இறைக்கலாமா? அந்தியில் கிணற்றடிக்குப் போகக் கூடாதென்று டாக்டரே சொன்னாரே. அது நிஜம், நானே இறைத்தேன். இருட்டினால் மங்குகிறதே, விளக்கு ஏற்றுவது யார்? நான். மாவு அரைக்கிற சத்தம் கண்ணுக்கு ஆகுமா? ஆகாது, ஆகாது, படுத்துக்கோ. ஒரு பொய்யைக் காப்பாற்ற எத்தனை குடம் ஜலம் இறைக்க வேண்டியிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மத்தியானமே கறிகாய் நறுக்கி, தேங்காய் துருவி, அரிசி களைந்து வைத்துவிட்டு, சாயங்காலம் சொட்டு விட்டு, விறகை அளவாகத் தள்ளி உலை வைத்துவிட்டுத்தான் ஓடுவேன். வரும்போது சாதம் வடிக்கிற பதமாக இருக்கும்.

ஒரு நாள் தொழுவத்தில் தாணுலிங்கம் மூக்கை உறிஞ்சினான். "என்னவே, உம்ம மேல ரசப்பொடி மணம் அடிக்கு. யாரு வீட்டுல சமையலுக்கு நிக்கேரு?" என்றான். வேலாயுதன் சீட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். காதில் குணுக்கு, கையில் மஞ்சள் கறை. மானத்தைக் காப்பாற்ற வந்த இடத்தில் இருந்த மானமும் போய்க்கொண்டிருந்தது.

தாணுலிங்கம் ஊருக்குப் புறப்பட வேண்டிய நாள் வந்துவிட்டது. அவன் சாமான் எல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றியாயிற்று. கடைசியாக ஒரே ஒரு ஆட்டம், அது முடிந்ததும் அப்படியே கோட்டாற்றுக்கு வண்டி. அன்று நான் சொட்டு விட்டுவிட்டு, இன்றைக்கு மட்டும் நாமத்தைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லு என்றேன்.

"அப்படியே ஆகட்டும். நீங்களும் நிதானமா இருங்கோ," என்றாள்.

சீட்டு போட்டார்கள். எடுத்துப் பார்த்தேன். காதிலிருந்த குரும்பை துள்ளியது. இந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் பெரிய சீட்டு, ராஜா கூட அதற்கு அப்புறம்தான். என் கையில் இஸ்பேடு ஜாக்கி. கூட மூன்று இஸ்பேடு. இருபது புள்ளி எடுக்கிறேன் என்று ஏலம் கேட்டேன். தாணுலிங்கம் புருவத்தைத் தூக்கினான். இஸ்பேடைத் துருப்பாக வைத்தேன். நாகேஸ்வரன் அன்று வேறு மனுஷனாக ஆடினான். பிடி மேல் பிடி எங்கள் பக்கம் வந்தது. இன்னும் ஒரே ஒரு பிடி வேண்டும். அதற்கு என் கையில் துருப்பு ஜாக்கி உட்கார்ந்திருக்கிறான். அவனை வெல்ல இந்த உலகத்தில் சீட்டு இல்லை.

இறங்க வேண்டியது தாணுலிங்கம். அவன் சீட்டைப் போடவில்லை. வெற்றிலையை எடுத்தான். நரம்பு கிள்ளினான். தன் சீட்டுகளை, பெண் பார்க்க வந்தவன் மாதிரி ஒவ்வொன்றாக முகம் முகமாகப் பார்த்தான்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

முதலில் மாட்டுக்கு யாரோ புகை போடுகிறார்கள் என்று நினைத்தேன். மாடு கூடத் தும்மியது. நாகேஸ்வரன் மேலே பார்த்து, சாதம் எங்கேயோ அடிப்பிடித்துத் தீய்கிறது என்றான். உலைக்கு வைத்த விறகைப் பின்னுக்கு இழுக்காமல் வந்துவிட்டேன். அங்கே அவள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். எழுந்தாலும் அந்தி இருட்டில் வழி மங்கும். இடது பக்கம் தெரியாது. அடுப்பில் தீ.

"சீட்டைப் போடும் ஓய்," என்று கெஞ்சினேன்.

"அவசரப்பட்டா எப்படி? யோசிக்க வேண்டாமா?" என்றான், வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே. "எழுந்து போனீருன்னா தோத்ததா கணக்கு, பாத்துக்கிடும்."

எழுந்து ஓடினேன்.

சமையல் உள் முழுக்கப் புகை. பாத்திரத்தை இறக்கி, விறகை இழுத்து, ஜலத்தை ஊற்றினேன். சாதம் கரியாகிவிட்டிருந்தது. கூடத்தில் விளக்கை ஏற்றிவிட்டுத் திரும்பினேன். அனந்தலக்ஷ்மி மூக்கோரம் விரலை வைத்தபடி ஆனந்தமாகப் படுத்திருந்தாள்.

"வந்துட்டேளா? எழுநூறாம் நாமத்திலேயே வாசனை வந்துடுத்து."

"வந்துடுத்துன்னா எழுந்து இறக்கப்படாதோ?"

"புகை ஆகாது, குனியப்படாது, ஆயிரத்தெட்டுக்கு முன்னாடி எழுந்துக்கப்படாது. நீங்கதானே சொன்னேள்?"

அவள் கண்ணைத் திறந்தாள். நான் பயப்படவில்லை. மருந்து விட்ட கண், அந்தி நேரம், மங்கலாகத்தான் தெரியும்.

"கிட்ட வாங்கோ," என்றாள். போனேன். "இன்னும் கிட்ட." விளக்குக்கும் அவளுக்கும் நடுவில் போய்க் குனிந்தேன்.

"தூரத்துல இருக்கறதுதான் மங்கல். கிட்டக்க இருக்கறதெல்லாம் பளிச்சுன்னு இருக்கு. இப்போ ஊசி குடுத்தா நூல் கோத்துடுவேன்." விரலை நீட்டி என் காதைத் தட்டினாள். ஏதோ ஆடியது. "இது என்னாக்கும்? குரும்பையா?"

கையால் காதைப் பொத்தினேன். பொத்தின கையின் விரலிடுக்கில் சீட்டு; இத்தனை வேலையிலும் அதைக் கீழே போடத் தோன்றவில்லை. அதை அவள் மெதுவாக உருவி விளக்குப் பக்கம் பிடித்தாள்.

"இஸ்பேடு ஜாக்கி. இஸ்பேடுதான் துருப்போ?"

தலையை ஆட்டினேன்.

"துருப்பு ஜாக்கிய கையில வச்சிண்டா எழுந்து வந்தேள்?"

"நீ படுத்திண்டிருக்கே, அடுப்புல தீ..."

ஒரு நிமிஷம் அவள் முகம் இளகியது போலிருந்தது. நான்தான் தப்பாகப் பார்த்தேனோ என்னவோ. "சீட்டாடறதுக்காக நான் எப்பவும் கோவிச்சுண்டதில்லை," என்றாள். "நீங்க தோக்கறதுக்குத்தான் தடை போட்டேன்."

அதற்கப்புறம் வந்தது பாருங்கள் வெடி. எலிசாள் நர்ஸ் பெஞ்சியிலேயே எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டாளாம். கை கழுவுவது, நுனி படாமல் விடுவது, மூக்கோரம் அமுக்குவது, அந்தியில் ஜாக்கிரதை, எல்லாம். நூறும்.

"நூறுன்னு முதல் நாளே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சா எதுக்கு இத்தனை நாள் ஆயிரத்தெட்டு சொன்னே?"

"நூறு மருந்துக்கு டாக்டர் குடுத்தது. மிச்சம் தொள்ளாயிரத்தெட்டு நீங்க குடுத்தது. கல்யாணம் ஆனதுலேருந்து என்னை யாராவது சாயங்காலம் சித்த படுத்துக்கோன்னு சொன்னாளா? நீங்களா ஆசையா குடுக்கறச்சே வேண்டாம்பேனோ?"

வாசலில் மாட்டு வண்டியின் சத்தம் கேட்டது. கோட்டாற்றுக்குப் போகிற வண்டி. எங்கள் வீட்டு எதிரே கொஞ்சம் நின்று, "வேய் வெங்கு, அது கழத்தாத குணுக்காக்கும், பத்திரமா வச்சுக்கிடும்," என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு நகர்ந்தது.

மாசம் முடிந்ததும் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். எனக்கு ஒரே நம்பிக்கைதான் மிச்சம் இருந்தது. கண் குணமாகிவிட்டது, மருந்து போதும் என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் ஆயிற்று. மருந்து நின்றால் நாமம் நிற்கும், நாமம் நின்றால் உலை, உரல், கிணறு எல்லாம் பழையபடி கை மாறும். வண்டியிலேயே பிள்ளையாருக்கு நூறு தேங்காய் நேர்ந்துகொண்டேன். கடையில் இருக்கிற சரக்குத்தானே.

டாக்டர் கண்ணைச் சோதித்தார். இறுக்கம் நன்றாகத் தணிந்திருக்கிறது, இருக்கிற பார்வை இருந்தபடி இருக்கிறது என்றார். நிஜமாகவே எனக்குக் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. இவ்வளவு நன்றாக இருக்க வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"சொல்லுங்கோ," என்றது என் முதுகுப் பக்கம்.

சொன்னேன். புகை படாமல் நானே சமைப்பதை, ஜலம் இறைப்பதை, அரைப்பதை, விளக்கேற்றுவதை. பக்கத்தில் எலிசாள் சிரிப்பை அடக்கப் பஞ்சுருண்டையை வாயில் வைத்துக்கொள்ளாத குறை. டாக்டர் எழுந்து என் தோளைத் தட்டினார். வெளியே பெஞ்சியில் இருந்த புருஷர்களை எல்லாம் கூப்பிட்டு, "ஈ சாமியைக் கண்டு படிக்கணும்," என்று மலையாளமும் தமிழுமாகச் சொன்னார். இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம்.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த மருந்தை இன்னும் எத்தனை மாசம் விட வேண்டும் என்று பவ்யமாகக் கேட்டேன்.

"மாசமோ?" என்று டாக்டர் சிரித்தார். "இது நிறுத்துகிற மருந்தில்லை சாமி. ஆயுசு உள்ள காலம் வரைக்கும்."

அதை அவளிடம் சொல்வதற்காகத் திரும்பினேன்.

"கேட்டுது," என்றாள் அனந்தலக்ஷ்மி. "டாக்டருக்கு நமஸ்காரம் சொல்லுங்கோ."